சார்ஜரைக் கழட்டாதையும்

தனுசியா மடிக்கணினியைத் துடைத்தது ஒரு சனிக்கிழமை காலை. நீர்வேலியில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைத் தோட்டத்தை அந்தக் கிழமை உழுதிருந்தார்கள். செம்மண் தூள் யன்னல் கம்பி, மேசை, கட்டில் விரிப்பு என்று எல்லாவற்றிலும் படிந்து கிடந்தது. கணினியின் எழுத்துகளுக்கு நடுவே விரலை வைத்தால் விரல் சிவந்தது. திங்கள் பின்னேரம் டொச், அதாவது ஜெர்மன் மொழி வகுப்பு. அதற்குள் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

கண்ணாடி அலுமாரி துடைக்கிற நீலத் திரவம் வீட்டில் இருந்தது. அதைத் துணியில் விட்டுத் துடைத்திருக்க வேண்டும். அவள் எழுத்துகளின் மேலேயே நாலைந்து தடவை விசிறினாள். பக்கவாட்டில் சிடி போடுகிற தட்டின் இடுக்கிலும் விசிறி, பஞ்சு சுற்றிய குச்சியால் சுற்றிவரத் துடைத்தாள். பிறகு கவிழ்த்து வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தாள். எடுத்து வந்து பொத்தானை அழுத்தியபோது சின்ன வெளிச்சம் ஒன்று மின்னியது. உள்ளே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். திரும்ப அழுத்தினாள். மின்னியது, சுற்றியது, நின்றது.

அவள் மேசையை விட்டு நகரவில்லை, தொலைபேசி அடித்தது. சுவிஸிலிருந்து அவளுடைய கணவன் கோபிசங்கர்.

"லப்டொப்பிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒன்லைனிலை காணேல்லை. அதுதான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். கலியாணம் முடிந்த நாளிலிருந்து கோபிசங்கர் அவளை 'நீர்' என்றுதான் கதைப்பான். மரியாதையான பிள்ளை என்று அம்மாவுக்கு அதில் பெருமை. அன்றைக்கு முதல்தடவையாக அது தவறியது.

"உன்னை ஆர் துடைக்கச் சொன்னது?"

அவள் பதில் சொல்ல முதல் அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "சரி, விடும். கடை ஒண்டுக்கும் கொண்டு போகாதையும். உள்ளை இருக்கிற படங்களைக் களவெடுப்பாங்கள். நிருஷன் புதன்கிழமை வாறான்தானே, அவன் பாப்பான். அதுவரைக்கும் சார்ஜரிலையே கிடக்கட்டும். சார்ஜரைக் கழட்டாதையும்."

நிருஷன் அவளுடைய தம்பி. கொழும்பில் போன் திருத்துகிற கடையொன்றில் வேலை. கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை கோபிசங்கர் சுவிஸுக்குத் திரும்பிய பிறகு, இந்தக் கணினியைக் கொழும்பில் வாங்கிக் கொண்டு வந்து கொடுத்தவனும் நிருஷன்தான். அத்தான் வாங்கிக் குடுக்கச் சொன்னவர் என்றான். தடித்த, பாரமான, பழைய மாதிரிக் கணினி. மனைவியைச் சுவிஸுக்குக் கூப்பிடுவதற்கு டொச் மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அந்த வகுப்பு ஒன்லைனில்தான் நடந்தது. அதனால் கணினி பகல் முழுக்க அவளுடைய அறை மேசையில் திறந்தபடி இருக்கும். சார்ஜரைக் கழற்றினால் பற்றரி பழுதாகும் என்று கோபிசங்கர் முதல் நாளே சொல்லியிருந்தான். அவளும் கழற்றியதில்லை.

கோபிசங்கரைப் பற்றிக் குறை சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. குடி இல்லை. சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. நாளுக்கு இரண்டு தடவை போன் எடுத்துக் கதைப்பான். ஆனால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஒருநாள் அவள் சொல்லாமலே, "இருமல் எப்பிடி?" என்றான். இன்னொருநாள், "வாழைக்குலை எடுக்க வந்தவனுக்குத் தேத்தண்ணி குடுத்தனீராம். வெளியிலை வைச்சுக் குடுத்தால் போதும்தானே" என்றான். கூடப் படித்த வித்தியா வந்து அறைக்குள் இருந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போன அன்று பின்னேரம், "என்ன அவ்வளவு பகிடி?" என்று கேட்டான். ஆர் சொன்னது என்று அவள் கேட்டபோது, "எனக்குச் சொல்லுறதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்று சிரித்தான்.

அவளுடைய அறை யன்னலுக்கு நேரே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் உதயகலா அக்காவின் வீடு. தையல் மெசினை யன்னலோரம் போட்டு நாள் முழுக்க இருந்து தைப்பவர். வேறு யாராக இருக்க முடியும்? தனுசியா அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். ஒருநாள் வேலியோரம் நின்று, "அக்கா, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ, என்ரை வீட்டை வேவு பாக்கிறதோ?" என்று கேட்டும்விட்டாள். உதயகலா அக்கா வாயில் கிடந்த நூலை எடுத்துவிட்டு, "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார். தனுசியா உள்ளே போய் யன்னலைச் சாத்தினாள். அது நடந்து ஒரு வருடம்.

யன்னலைச் சாத்திய பிறகும் அவனுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தி ஒரு மத்தியானம், கதவையும் பூட்டிக்கொண்டு அவள் அம்மாவிடம், "அம்மா, எனக்கு அங்கை போகப் பயமாக் கிடக்கு" என்றாள். அம்மா தலையைத் தடவி, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த நாள் கோபிசங்கர் கதையோடு கதையாகக் கேட்டான்:

"என்னட்டை வாறதுக்கு உமக்குப் பயமோ, தனு?"

குரல் மிகவும் கனிவாக இருந்தது. அம்மா சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மாவிடமும் எதையும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆறு தடவை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் சுற்றி வளைத்துக் கணினியில்தான் வந்து நின்றான். சார்ஜரில் கிடக்கிறதா? வெளிச்சம் தெரிகிறதா? ஒருவரும் கழற்றவில்லையே? இத்தனை அக்கறை ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் வகுப்புக்கு இரண்டு தரம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். சோதனைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. திங்கள் காலை சந்தைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கணினியைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சுன்னாகத்துக்கு பஸ் ஏறினாள்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்தெருவில் றொசாந்தியின் கடை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அதிகம் கதைக்க மாட்டாள். கடையில் ஒரு நீள மேசை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கப் பழைய கணினிகளின் கழற்றிய உறுப்புகள்.

"என்ன விட்டுத் துடைச்சனீ?" என்று கேட்டாள்.

"கண்ணாடி துடைக்கிறது."

"எவ்வளவு?"

தனுசியா கையால் காட்டினாள். றொசாந்தி கணினியைக் கவிழ்த்தாள். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். திரும்பப் போட்டாள். மின்னியது, சுற்றியது, நின்றது. அடிமூடியைத் திறந்து, நினைவகத் துண்டுகளை எடுத்து அழிறப்பரால் தேய்த்துப் போட்டாள். சூடான காற்று அடித்து உலர்த்தினாள். எழுத்துப் பலகையின் நாடாவைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

"எங்கையோ கரண்ட் சோட்டாகுது. தேவையில்லாத எல்லாத்தையும் கழட்டிப் போட்டு ஒவ்வொண்டாப் பாப்பம்."

கடைசியாகப் பக்கத்தில் இருந்த சிடி தட்டை இழுத்து வெளியில் எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். காற்றாடி சுற்றியது. நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. தனுசியாவுக்கு மூச்சு வந்தது.

றொசாந்தி கணினியை நிறுத்தி, தட்டைத் திரும்பச் செருகி அழுத்தினாள். நின்றுவிட்டது. எடுத்தாள், வேலை செய்தது.

"சிடிப் பெட்டிதான் பழுது. உனக்கு அது தேவையோ?"

"நான் ஒருநாளும் பாவிக்கேல்லை. ஒருக்கா அமத்திப் பாத்தனான், திறபடேல்லை."

"அப்ப விடு. இல்லாமலே ஓடும்." றொசாந்தி அதைக் குப்பைக் கூடைக்குள் போடப் போனவள், நிறுத்தினாள். கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். "சிடிப் பெட்டி எண்டால் இந்தப் பாரம் காணாது" என்றாள். விளக்குக்குக் கிட்டப் பிடித்தாள். "ஆரோ முந்தித் திறந்திருக்கினம். ஆணி வேறை வேறை."

நாலு ஆணியையும் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். உள்ளே சிடி சுற்றுகிற சில்லு இல்லை. ஒன்றுமே இல்லை, வெறும் பெட்டி. ஒரு மூலையில் பெருவிரல் அளவில் கறுப்புப் பட்டி சுற்றிய துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கணினியிலிருந்து மின்சாரம் வரும் இடத்துக்குப் போய் ஒட்டப்பட்டிருந்தன. அதன் மேல் நீலத் திரவம் இன்னும் காயாமல் மினுங்கியது.

றொசாந்தி எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி இறக்கினாள். திரும்பி வந்து குறட்டால் கறுப்புப் பட்டியை உரித்தாள். சின்ன மைக் ஒன்று, மிளகு அளவு. பக்கத்தில் ஒரு சிம்.

"இது என்னக்கா?"

"மெல்லக் கதை" என்றாள் றொசாந்தி. பிறகு, மின்சாரம் இல்லாத பொருள் எப்படிக் கேட்கும் என்று தனக்கே தோன்றியதுபோல் தலையை ஆட்டினாள். "இந்த சிம்முக்கு எடுத்தால் இது சத்தமில்லாமல் தானே போனைத் தூக்கும். எடுத்தவருக்கு இது கிடக்கிற அறையிலை நடக்கிறதெல்லாம் கேக்கும். உன்ரை லப்டொப்பிலை இடைக்கிடை டிக் டிக் எண்டு ஒரு இரைச்சல் கேக்கிறேல்லையோ?"

கேட்கும். வகுப்பு நடக்கும்போதும் கேட்கும். போனைத் தள்ளி வையுங்கள் என்று ஆசிரியை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

தனுசியா கதிரையில் இருந்தாள். அந்த அறையில்தான் அவள் உடுப்பு மாற்றுவாள், கும்பிடுவாள், அழுவாள். இரண்டு வருடத்தில் அங்கே கதைத்த எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

"ஆர் செய்திருந்தாலும் நல்ல கை" என்றாள் றொசாந்தி. "ஈயம் எவ்வளவு சுத்தமா வைச்சிருக்கு, பார். போன் வேலை தெரிஞ்ச ஆள்."

தனுசியா குனிந்து பார்த்தாள்.

றொசாந்தி சிம்மைத் துடைத்துப் பழைய பொத்தான் போன் ஒன்றில் போட்டு உயிர்ப்பித்தாள். சிக்னல் வந்ததும் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. சிம் வேலை செய்யாத நேரத்தில் அதற்கு யார் யார் எடுத்தார்கள் என்ற அறிவித்தல்கள். சனி காலை தொடங்கி இன்று விடியும் வரை, சுவிஸ் இலக்கம். கோபிசங்கரின் இலக்கம். றொசாந்தி விரலால் தள்ளிக்கொண்டே போனாள், அது முடியவில்லை. நடுவில் இரண்டே இரண்டு தடவை வேறு ஒரு இலக்கம், கொழும்பிலிருந்து.

"இது ஆற்றை?"

தனுசியா அந்த இலக்கத்தைத் தன் போனில் தட்டவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

"தம்பியின்ரை" என்றாள்.

அப்போது மேசையில் கிடந்த பொத்தான் போன் அடித்தது. அந்த இலக்கம் திரும்ப வேலை செய்கிறது என்று அவனுக்கும் அறிவித்தல் போயிருக்க வேண்டும். சுவிஸில் அப்போது விடிகாலை.

"எடாதை" என்றாள் றொசாந்தி.

தனுசியா எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு விடுவது கேட்டது. பிறகு கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற இரைச்சல், கோப்பையில் கரண்டி தட்டுகிற சத்தம். அவன் வேலைக்குப் போக வெளிக்கிடுகிறான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேத்தண்ணீர் கலக்குகிறான். வானொலி கேட்பதுபோல் ஒவ்வொரு விடியலும் இப்படித்தான் அவளுடைய அறையைக் கேட்டிருக்கிறான் என்பது அந்தக் கரண்டிச் சத்தத்தில் அவளுக்கு விளங்கியது. "வேலை செய்யுது" என்று அவன் தனக்குள்ளே சொல்லிக்கொண்டான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஒரு மிடறு குடித்தான்.

அவள் அசையாமல் இருந்தாள். றொசாந்தியும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் போயிருக்கும். அவனும் அவளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு பின்தெருவால் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நீர்வேலியில் அவளுடைய வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் ஓடுவதில்லை.

கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. மூச்சு நின்றது.

"எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. கிட்ட இருந்து கேட்பதுபோல் கேட்டான்.

அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள். நிறுத்துகிற பொத்தானை றொசாந்தி அழுத்தினாள். உடனே தனுசியாவின் சொந்தப் போன் பைக்குள் அடிக்கத் தொடங்கியது. அடித்து அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது.

அவள் அதை எடுக்கவில்லை. ஓய்ந்த ஒரு இடைவெளியில் தம்பிக்கு எடுத்தாள்.

"நிருஷன், அந்த சிம்முக்கு ஆர் றீலோட் காசு போடுறது?"

"எந்த சிம்?"

"சிடிப் பெட்டிக்குள்ளை கிடக்கிறது."

கடைச் சந்தடி மட்டும் கேட்டது. பிறகு அவன் வெளியே வந்துவிட்டான் போல, சத்தம் குறைந்தது. "அக்கா, அது பாதுகாப்புக்கு. ஆம்பிளை இல்லாத வீடு, ஏதும் நடந்தால் தெரியோணும் எண்டு அத்தான் சொன்னவர்."

"நீயோ ஒட்டினது?"

"அத்தான் என்னையும் சுவிஸுக்குக் கூப்பிடுறன் எண்டவர்."

"நீயும் கேக்கிறனியோ?"

"இல்லை. சத்தியமா இல்லை. சிம் உயிரோடை கிடக்கோ எண்டு மட்டும்தான் எடுத்துப் பாக்கிறது. ஒருக்கா நீங்கள் அழுறது கேட்டுது. உடனை வைச்சிட்டன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அறைக்குள் சொல்ல அவளால் முடியவில்லை. அம்மா நம்பவில்லை. றொசாந்தி சீலைத் துண்டில் சுற்றிக் கொடுத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டியபோதும், "வெளியிலை சொல்லாதை பிள்ளை, தம்பியின்ரை பேரும் கெடும்" என்றார். போகப் பயம் என்று அம்மாவிடம் சொன்னதைக் கோபிசங்கர் அடுத்த நாளே கேட்டான் என்று தனுசியா சொன்ன பிறகுதான், மருமகனிடம் சொன்னது தான் என்று மகள் நினைத்திருந்தது அவருக்கு உறைத்தது. "அப்ப அதுதானோ நீ என்னோடை கதைக்கிறதை விட்டனீ?" என்று கேட்டுவிட்டு, கிணற்றுக் கட்டில் குந்தி அழுதார்.

அன்று பின்னேரம் தனுசியா வேலியைச் சுற்றி ஒழுங்கைத் தெருவால் போய் உதயகலா அக்காவின் வாசலில் நின்றாள். பிழை தன்னில்தான் என்றாள். அவர் மெசினை நிறுத்தவில்லை. தைத்து முடித்து நூலை வெட்டிய பிறகு, "ஒரு வருசம் நான் இந்த யன்னலடியிலை இருக்கப் பயந்து உள்ளுக்கை இருந்து தைச்சனான்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் பொலிஸுக்குப் போகும்போது கூட வந்தார். பெண்கள் பிரிவில் இருந்த சார்ஜன்ட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புருசன்தானே செய்தது என்று இரண்டு தடவை கேட்டார். உதயகலா அக்காதான், "புருசன் எண்டால்?" என்று திருப்பிக் கேட்டார். முறைப்பாடு எழுதினார்கள். பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்ததற்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு கோபிசங்கர் எடுக்கவில்லை. நாளுக்கு இரண்டு தடவை எடுத்தவன் ஒரு தடவையும் எடுக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கூடுதலான பயமாக இருந்தது. எட்டாம் நாள் ஒரேயொரு செய்தி வந்தது. 'வாறன்.'

ஒன்பதாம் நாள் பின்னேரம் நாலு மணிபோல் வெள்ளை வான் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. கோபிசங்கர் இறங்கினான். இஸ்திரி போட்ட சேட், கையில் இனிப்புப் பை. வாசற் படலை பூட்டியிருந்தது. அவன் அதைத் தட்டவில்லை. மேலால் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"தனு, திறவும். கதைச்சு முடிப்பம்."

அவள் முற்றத்தில் நின்றாள். அம்மாவும் உதயகலா அக்காவும் பின்னால் நின்றார்கள்.

"நான் பொலிஸிலை குடுத்திட்டன். கதைக்கிறதெண்டால் அங்கை கதையுங்கோ. உங்களோடை நான் வரமாட்டன்."

"உம்மிலை அன்பு வைச்சதுதான் நான் செய்த பிழை" என்றான். முகத்தில் கோபம் இல்லை. முற்றத்தை, யன்னலை, கிணற்றடியை ஒவ்வொன்றாக, தான் கேட்டுப் பழகிய இடங்கள் எப்படி இருக்கின்றன என்று சரிபார்ப்பதுபோல் பார்த்தான். "கிணத்துக் கப்பிக்கு எண்ணெய் போட்டிட்டீங்கள் போல. முந்திக் கிறீச்சிடும்" என்றான்.

இனிப்புப் பையைப் படலையில் கொழுவிவிட்டுப் போய் வானில் ஏறினான். வான் ஒழுங்கை முகப்பு வரை போய் அங்கே நின்றது. இருட்டும் வரை நின்றது. அடுத்த நாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும். பொலிஸார் வந்து கேட்டபோது, ஒழுங்கையில் நிற்கக் கூடாதென்று சட்டம் உண்டோ என்று மரியாதையாகக் கேட்டானாம். நாலாம் நாள் வான் வரவில்லை. சுவிஸுக்குத் திரும்பிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். தொண்டைமானாற்றில் உறவினர் வீட்டில் நிற்கிறான் என்று சிலர் சொன்னார்கள்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவன் பக்கத்துச் சட்டத்தரணி மட்டும் வருகிறார். நிருஷன் வீட்டுக்கு வருவதில்லை. அம்மாவுக்கு மட்டும் எடுப்பான், அம்மா வெளியே போய்க் கதைப்பார். தனுசியா சோதனை எழுதிப் பாஸ் பண்ணினாள். இப்போது சுன்னாகத்தில் சின்ன வகுப்பொன்றில் டொச் படிப்பிக்கிறாள். படிக்க வருகிற பெண்பிள்ளைகளில் அரைவாசிப் பேர் கலியாணம் முடித்துக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய கைகளில் புதுப் போன்கள் இருக்கும். அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லலாமோ என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை றொசாந்தி கருவிப் பையோடு நீர்வேலிக்கு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த சாமான்கள் எல்லாவற்றையும் முற்றத்தில் பாய் விரித்து வைத்தார்கள். சுவர் மணிக்கூடு, சோறு அவிக்கிற மின்சாரப் பானை, இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு, சாமிப் படத்துக்குப் போடுகிற சின்ன மின்குமிழ் மாலை. றொசாந்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். பானைக்குள் கருகிய சோற்றுப் பருக்கை இரண்டு இருந்தது. மணிக்கூட்டுக்குள் ஒரு பல்லி முட்டை. வேறு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, "ஒண்டிலும் இல்லை. இனி நிம்மதியா இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அம்மா சாமான்களை எடுத்து உள்ளே வைத்தார். சமையல் முடிந்ததும் வாசலில் நின்று, சாப்பிட வா என்று கையால் காட்டினார். சோற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள்.